எலும்பு கூடிவிட்டது, ஆனால் வண்டியில் உட்கார முடியவில்லை: இழப்பீடு உண்டா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. சொந்தமாகக் குட்டி யானை வைத்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கோவைக்குக் காய்கறி லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். ஏழு மாதத்துக்கு முன் தாராபுரம் சாலையில் எதிரே வந்த லாரி மோதி வலது கால் முறிந்தது. பிளேட் வைத்து, எலும்பு கூடிவிட்டது. ஆனால் இன்றுவரை வண்டியில் ஏறி உட்கார முடியவில்லை. லாரி ஹாரன் கேட்டாலே வியர்த்துக் கொட்டுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார், சொன்னதை மறந்துவிடுகிறார். சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொல்கிறார்கள். விபத்து நடந்த நாலாம் மாதமே எங்கள் வக்கீல் இழப்பீட்டு மனு போட்டுவிட்டார். இப்போது இன்சூரன்ஸ் தரப்பில், காலுக்குப் பத்து சதவீத ஊனம் என்று ஒரு தொகை சொல்லி, லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள். மனசு சம்பந்தப்பட்டதற்குப் பணம் கிடையாதாம். மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், லைசென்ஸ் போய்விடும் என்று கணவர் பயப்படுகிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, இந்த லோக் அதாலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே சமரசம் ஆகி உத்தரவு வந்துவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. 1987-ம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆறு மாதம் கழித்து, "அவருக்கு மனசும் பாதித்திருந்தது, இப்போதுதான் தெரிந்தது" என்று போய் நின்றால் கேட்க ஆள் இருக்காது. சம்மதம் இல்லை என்று சொல்வதால் ஒரு நஷ்டமும் இல்லை. வழக்கு பழையபடி, மனு போட்ட விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கே திரும்பி வரும். மனுவை ஆறு மாதக் கெடுவுக்குள் போட்டுவிட்டதால் அந்தக் கவலையும் உங்களுக்கு இல்லை.

மனசுக்குப் பணம் கிடையாது என்று சொன்னது தவறு. விபத்தில் அடிபட்டவருக்கு உடல் அதிர்ச்சி, மன அதிர்ச்சி இரண்டுக்கும் இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே ஹட்டங்காடி வழக்கில் சொல்லியிருக்கிறது. 2010-ல் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பது வேறு, அதனால் பிழைப்பு எவ்வளவு போயிற்று என்பது வேறு என்று அதில் பிரித்துச் சொன்னார்கள். இடது கை போனவருக்கு டாக்டர் அறுபது சதவீதம் என்று எழுதலாம். ஆனால் அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுசாகவே போனதுதான் என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிற உதாரணம். கால் சரியாகியும் ஸ்டியரிங் முன்னால் உட்கார முடியாத ஒரு டிரைவருக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும்.

கணக்கில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குள் இருக்கிற சுயதொழில்காரர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்ப்பார்கள், 25,200 ஆகும். பன்னிரண்டு மாதத்தால் பெருக்கி, வயதை வைத்து நிர்ணயித்திருக்கிற பெருக்கு எண்ணால், அதாவது 38 வயதுக்குரிய மல்டிபிளையர் 15-ஆல் பெருக்கினால் 45,36,000 ரூபாய். இதில் பத்து சதவீதம் என்றால் 4,53,600. வருமான இழப்பு 40 சதவீதம் என்று நிரூபணமானால் 18,14,400. உங்களுக்கு இத்தனை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான்.

சரி, நிரூபிப்பது எப்படி? நிறைய வழக்குகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் கால் மட்டும்தான் இருக்கும். எலும்பு டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டார். "ஏழு மாதமாக ஒரு டாக்டரிடமும் சொல்லாத வியாதி, வழக்குக்காக வந்ததா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். இதற்குப் பதில் இன்று போடுகிற ஓ.பி. சீட்டிலிருந்துதான் தொடங்கும். மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப்போங்கள். அவர் வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, விபத்தன்று முதலில் சேர்த்த மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியும் (விபத்துப் பதிவேட்டு நகல்) எடுத்துப்போங்கள். காரணம் இருக்கிறது. எரிந்து விழுவதும் மறப்பதும் மன அதிர்ச்சியால் வரலாம், தலையில் பட்ட அடியாலும் வரலாம். அன்று கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியிருந்தால், வாந்தி எடுத்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது ஸ்கேனும், ஞாபகம், கவனம் இவற்றைச் சோதிக்கிற உளவியல் பரிசோதனையும் தேவைப்படும். தலைக்காயம் என்று தெரிந்தால் சிகிச்சையும் வேறு, வழக்கின் கனமும் வேறு.

விபத்து போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வருகிற, பி.டி.எஸ்.டி. என்று டாக்டர்கள் சொல்கிற கோளாறுக்கு, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பது ஒரு முக்கிய அளவுகோல். அதற்கான இருபது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. கெட்ட கனவு, விபத்து கண்முன் திரும்ப வருவது, அந்தப் பக்கம் போகாமல் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது எல்லாம் அதில் வரும். உள்ளது உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வீட்டில் பைக் ஓட்டுகிறார் என்றால் அதையும் மறைக்காதீர்கள். விபத்துக்கு முன்பே ஏதாவது மனக்கஷ்டத்துக்கு மருந்து சாப்பிட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். பிறகு எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் உண்மையாகச் சொன்னதும் அடிபட்டுப் போகும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு எழுதி வாருங்கள். "ராத்திரி 2.10, எழுந்து சட்டையைக் கழற்றிப்போட்டு திண்ணையில் உட்கார்ந்தார்." "லோடுக்குப் போன் வந்தது, எடுக்காமல் கவிழ்த்து வைத்தார்." இப்படி நடந்ததை மட்டும். டாக்டருக்கும் உதவும், நீங்கள் சாட்சியாகக் கூண்டில் ஏறும்போது ஞாபகத்துக்கும் உதவும். ஒட்டன்சத்திரத்தில் லோடு கொடுத்த கமிஷன் மண்டிக்காரர் ஒருவரும் சாட்சி சொன்னால் வருமானமும் நிரூபணமாகும், வேலைக்கு வராததும் நிரூபணமாகும்.

வழக்கில் உங்கள் வக்கீல் செய்ய வேண்டியவை: மனநலப் பாதிப்பையும் அதற்கான சிகிச்சைச் செலவையும் சேர்த்து மனுவைத் திருத்த ஒரு இடைக்கால மனு. அப்புறம், சிகிச்சை ஓரளவு போன பிறகு, ஊனத்தை மதிப்பிடுகிற மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கோரும்போது, எலும்பு டாக்டரோடு மனநல மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று கேட்பது. சிகிச்சை கொடுத்த டாக்டரே வந்து சாட்சி சொன்னால் அதற்குத் தனி மதிப்பு. வெறும் சான்றிதழை மட்டும் நீட்டினால் எடுபடுவது கஷ்டம்.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மனநோய் இருக்கிறது என்று கண்டறிவதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது, அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பதும் அந்தச் சட்டப்படி அவருடைய உரிமை. வழக்கில் நாமே தாக்கல் செய்கிற பக்கங்களை எதிர்த்தரப்பு பார்க்கும், அதற்கு அவர் தயாராக இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்ததாலேயே லைசென்ஸ் ரத்தாகாது. சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும் என்பதால், "நான் டிரைவர்" என்று முதல் நாளே டாக்டரிடம் சொல்லட்டும். வீட்டில் மெடிக்கல் பாலிசி இருந்தால், உடல் நோய்க்குப் போலவே மனநலச் சிகிச்சைக்கும் வசதி செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது.

"இப்போது குணமாகிவிட்டால் பணம் குறையுமே, கேஸ் முடியட்டும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சிகிச்சை எடுக்காமல் இருந்ததே அவருக்கு எதிரான வாதமாகும். அதைவிட, அந்த மனிதர் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார், வழக்கு எத்தனை வருடம் போகும் என்று யாருக்குத் தெரியும்? குணமானாலும் இத்தனை மாத வருமான இழப்பும், சிகிச்சைச் செலவும், பட்ட வேதனைக்கான தொகையும் கேட்கத்தான் போகிறோம். இந்தக் கோளாறுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உளவியல் நிபுணர், நிறுத்தி வைத்த வண்டியில் இன்ஜினைப் போடாமல் சும்மா உட்காரச் சொல்வதில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைக்குக் கொண்டுவருவார்கள்.

மருந்துச் சீட்டு, பில், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். லோக் அதாலத் தேதிக்கு முன் உங்கள் வக்கீலை நேரில் பார்த்து, இந்தச் சமரசத்துக்குச் சம்மதமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.