அமெரிக்கச் சிறப்புக் கல்வித் தரவில் 3–5 வயது எண்ணிக்கை 2019க்கு அப்புறம் ஏன் சரிகிறது?

குழந்தைகள் குறையவில்லை, வேறு ஃபைலுக்கு மாறிவிட்டார்கள். அமெரிக்க ஐ.டி.இ.ஏ. (மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் கல்விக்கான) சட்டத்தின் 618ஆம் பிரிவுப்படி மாநிலங்கள் தரும் தரவில் 2018ஐயும் 2021ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 3–5 வயதுக் கணக்கு விழுகிறது என்கிறீர்கள். அதில் பெரும்பங்கு இந்த மாற்றத்தால்தான்.

முன்பு 5 வயதுப் பிள்ளைகள் எல்லோரும் 3–5 பிரிவில் இருந்தார்கள். இப்போது கிண்டர்கார்டனில் சேர்ந்த 5 வயதுக்காரர்களைப் பள்ளி வயதுப் பிரிவில் எண்ணுகிறார்கள். 2019–20இல் இது மாநிலங்களின் விருப்பம். 2020–21 முதல் கட்டாயம். அதனால் 2019–20 ஒரு கலப்பட ஆண்டு. நானாக இருந்தால் அதை வரைபடத்திலிருந்தே தூக்கிவிடுவேன்.

சோதித்துப் பார்க்க:

1. 3–5 வயது ஃபைல், பள்ளி வயது ஃபைல் இரண்டையும் சேர்த்து 3 முதல் 21 வயது வரை மொத்தம் போடுங்கள். அந்தப் பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துவிடும்.

2. 3, 4 வயதுகளை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். வகைமாற்றம் அவற்றைத் தொடவில்லை. அங்கேயும் 2020இல் இறக்கம் தெரிந்தால் அது கொரோனா காலத்து நிஜச் சரிவாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அட்டவணையின் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் குறிதான் இருக்கும், தனியுரிமைக்காக மறைத்தது. எக்செல் கூட்டும்போது சத்தமில்லாமல் அவற்றை விட்டுவிடும். (நான் ஒரு முழு மாலையைத் தொலைத்தது இதில்தான்.)

3 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இதோடு சேர்க்காதீர்கள். அது பார்ட் சி (அதே சட்டத்தில் கைக்குழந்தைகளுக்கும் தளிர்நடைக் குழந்தைகளுக்குமான பகுதி), தனிக் கணக்கு. அதிலும் குறிப்பிட்ட ஒரு நாளின் எண்ணிக்கை வேறு, 12 மாத மொத்தம் வேறு.