பாட்காஸ்ட் கேட்டால் ஆங்கிலம் பேச வருமா?

கேட்டால் மட்டும் வராது. கேட்டதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னால் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

உசிலம்பட்டியில் தமிழ்வழியில் படித்தவள் நான். வேலை மதுரையில். அரப்பாளையம் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் பஸ். முதல் 6 மாதம் ஹெட்செட் மாட்டிப் பாட்காஸ்டாகக் கேட்டுத் தள்ளினேன். காது நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் ஆபீசில் யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் பதில் தொண்டையோடு நின்றுவிடும்.

பிறகுதான் முறையை மாற்றினேன். பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' எடுத்துக்கொண்டேன். இருவர் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி போட்டு, முடிவில் விடை சொல்வார்கள். பேசியது முழுக்க எழுத்தாகவும் அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பஸ்ஸில் ஒருமுறை கேட்பேன். ராத்திரி மொட்டை மாடியில் ஒரே ஒரு நிமிடப் பேச்சை மட்டும், வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன். அதைச் செல்போனில் பதிவு செய்து, அவர்கள் குரலையும் என் குரலையும் அடுத்தடுத்துக் கேட்பேன்.

இந்தப் பதிவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 'புக்கு', 'ஒர்க்கு', 'டிக்கெட்டு' என்று சொல்லுக்குச் சொல் நான் உகரம் சேர்ப்பது அதில்தான் தெரிந்தது. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் நம் நாக்கு தானாகவே ஓர் உகரம் போட்டு முடித்துவிடுகிறது. பள்ளியில் படித்த குற்றியலுகரம்தான்! தமிழுக்கு அது அழகு. ஆங்கிலத்தில் 'புக்' என்றதும் சட்டென்று நிறுத்த வேண்டும். இதற்கே எனக்கு 3 வாரம் ஆனது.

அடுத்தது அழுத்தம். 'வெ-ஜி-டே-பிள்' என்று எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்துச் சொல்வேன். அவர்களோ முதல் அசையை அழுத்தி, 'வெஜ்டபிள்' என்று ஓடிவிடுகிறார்கள். புத்தகத்தைப் பார்த்து மட்டும் படித்தால் இது பிடிபடாது.

பேசிப் பார்க்க ஆளும் வேண்டும். எனக்கு என் சித்தி மகள் கிடைத்தாள். ஞாயிறுதோறும் போனில் 10 நிமிடம். அந்த வாரம் கேட்டதை நான் என் சொற்களில் சொல்வேன், அவள் குறுக்கே கேள்வி கேட்பாள். முதல் வாரம் நாலு வாக்கியத்தில் தடுமாறி நின்றேன். "தப்பா இருந்தாலும் பரவாயில்லக்கா, நிறுத்தாம சொல்லுங்க" என்றாள். திருத்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.