சைக்கிள் பாதை போட்டும் யாரும் ஓட்டலையே, அப்ப பெரிய நகரத்துக்கு சைக்கிள் சரிப்பட்டு வராதா?

தாராளமா சரிப்பட்டு வரும்ங்க. யாரும் ஓட்டலைன்னா ஜனங்களுக்கு சைக்கிள் பிடிக்கலைன்னு எடுத்துக்கக் கூடாது, அந்தப் பாதை போய்ச் சேர வேண்டிய இடம் வரைக்கும் போகுதான்னு முதல்ல பாக்கணும்.

நான் ரொம்ப வருஷமா ட்ராஃபிக்ல சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன், நேர் ரோட்டுல பெருசா பயம் கிடையாது, வயித்தைக் கலக்குறது ஜங்ஷன்தான். ரோடு நெடுக பெயிண்ட் அடிச்சு சைக்கிள் படம் போட்டிருப்பாங்க, சிக்னல் கிட்ட வந்ததும் அந்தக் கோடு காணாம போயிடும். பக்கத்துல நிக்கிற லாரி நம்ம பக்கமா திரும்புச்சுன்னா முன் சக்கரம் நம்மைத் தாண்டிப் போயிடும், ஆனா பின் சக்கரம் உள்ள வெட்டிக்கிட்டு வரும், டிரைவருக்கு கண்ணாடியில நாம தெரியவே மாட்டோம். அதனால பெரிய வண்டிக்குப் பக்கவாட்டுல மட்டும் நிக்காதீங்க, டிரைவர் முகம் தெரியுற அளவுக்கு முன்னாடி போங்க, முடியலைன்னா பின்னாடியே நின்னுடுங்க.

நெதர்லாந்துல நிறைய ஜங்ஷன்ல மூலைக்கு மூலை சின்னதா ஒரு திட்டு கட்டியிருக்காங்க, அதைச் சுத்தித்தான் கார் திரும்பணும்ங்கிறதால வேகம் தானா குறையும், சைக்கிள்ல வர்றவங்களும் டிரைவர் கண்ணுக்கு நேரா வருவாங்க. அங்கயும் ஆரம்பத்துலேருந்தே இப்படி இருந்துடல, 1971-ல மட்டும் ரோட்டு விபத்துல 3000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400-க்கு மேல குழந்தைங்க. படிக்கும்போதே மனசு கனத்துப் போச்சு. பெத்தவங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க, 1973-ல பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்த எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துச்சு, அப்புறம்தான் அரசாங்கம் வழிக்கு வந்துச்சு.

ஸ்பெயின்ல செவில் நகரத்தைப் பாருங்க, அங்க சைக்கிள் ஓட்டுறவங்களே ரொம்பக் கம்மியா இருந்தாங்க. 2006 வாக்குல ஆரம்பிச்சு கொஞ்ச வருஷத்துலயே சுமார் 80 கிலோமீட்டர், கார் ரோட்டுலேருந்து பிரிச்சு, ஒண்ணோட ஒண்ணு இணைச்சுப் போட்டாங்க, ஓட்டுறவங்க பல மடங்கு கூடிட்டாங்க. துண்டு துண்டா போட்டிருந்தா இது நடந்திருக்காது, என்னைப் பொறுத்தவரைக்கும் விஷயமே இந்த இணைப்புதான்.

உங்க ஏரியாவுல புதுசா பாதை வருதுன்னா எத்தனை கிலோமீட்டர்னு கேக்காதீங்க, எங்க முடியுது, முடியுற இடத்துல சைக்கிள்ல வர்றவங்க எந்தப் பக்கம் போகணும்னு பிளான்ல கையை வச்சுக் காட்டச் சொல்லுங்க.