கரியமில வாயு கல்லாகுமா?

கேள்வி: கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்குள் அனுப்பிக் கல்லாக்குகிறார்களாமே. வாயு எப்படி ஐயா கல்லாகும்? என்றைக்காவது பீறிட்டு வெளியே வந்துவிடாதா?

என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கறுப்புக் கல் வைத்திருக்கிறேன். பசால்ட், எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறை. உடம்பெல்லாம் பொத்தல். குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய குமிழிகள் விட்டுப்போன இடம் அது. சில பொத்தல்களை வெள்ளையாக ஒன்று அடைத்திருக்கிறது. அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். பக்கத்திலிருக்கும் கறுப்புப் பகுதி சும்மா இருக்கும். அந்த வெள்ளை கால்சைட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே தாது. நுரையில் வருவது நீங்கள் கேட்ட அதே கரியமில வாயு. நீரில் கரைந்து பாறைக்குள் போய், அங்கே கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிப் போனது. மனிதன் கற்றுக்கொடுத்த வித்தை இல்லை.

இதையே வேண்டுமென்று செய்து பார்த்த இடம் ஐஸ்லாந்து. ஹெல்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையத்தின் அருகே, கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தார் 2012-ல் 200 டன்னுக்கு மேல் கரியமில வாயுவை நீரில் கரைத்து, 400 மீட்டருக்கும் கீழே பசால்ட்டுக்குள் செலுத்தினார்கள். சோடா என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோடா புளிப்பானது, பாறையை அரித்துக் கால்சியம், மக்னீசியம், இரும்பையெல்லாம் கரைத்தெடுக்கும். அரிக்க அரிக்கப் புளிப்பு குறையும். குறைந்ததும் கரைந்தவை வாயுவோடு சேர்ந்து கல்லாகப் படியும். நூற்றாண்டுக் கணக்கில் ஆகும் என்று பலர் நினைத்திருந்த வேலை, இரண்டே ஆண்டுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் முடிந்திருந்தது. அடையாளத்துக்காக வாயுவில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கலந்து விட்டிருந்தார்கள். கண்காணிப்புக் கிணற்று நீரில் அதில் பெரும்பகுதியைக் காணோம், வழியிலேயே கல்லாகிவிட்டது. போதாக்குறைக்கு அந்தக் கிணற்றின் பம்பும் நின்றுபோனது. வெளியே இழுத்துப் பார்த்தால், மேலெல்லாம் கால்சைட்!

சரி, பீறிடுமா? முதலில், அது வாயுவாக இல்லை, நீரில் கரைந்திருக்கிறது. சோடா சாதா நீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் மேலே வராமல் கீழேதான் இறங்கும். கல்லாகிவிட்டால் கேள்வியே இல்லை. அதை உடைத்து வாயுவைப் பிரிக்க அமிலம் வேண்டும், இல்லையேல் சுண்ணாம்புக் காளவாய் அளவுக்குச் சூடு வேண்டும்.

கசிவு எனக்குக் கவலை இல்லை. கணக்குதான் இடிக்கிறது. ஒரு டன் வாயுவைக் கரைக்க இருபத்தைந்து டன் அளவுக்கு நீர் வேண்டும். காற்றிலிருந்து வாயுவைப் பிடிக்க அதே ஐஸ்லாந்தில் 2021-ல் திறந்த ஓர்கா ஆலையின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். உலகம் வெளியேற்றுவதோ ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல். வகுத்துப் பாருங்கள், 87 லட்சம் ஓர்காக்கள் வேண்டும். 'கல்லாக்கிவிடலாம், புகையை விடு' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: எல்லாப் பாறையிலும் இது நடக்குமா?

நடக்காது. கால்சியமும் மக்னீசியமும் நிறைய வேண்டும், நீர் நுழைய இடமும் வேண்டும். கிரானைட்டில் இரண்டும் குறைவு. நார்வே 1996 முதல் கடலடி மணற்கல்லில் வாயுவைச் சேமிக்கிறது. அங்கே மேலே மூடியிருக்கும் களிப்பாறைதான் காவல். ஓமான் மலைகளின் பெரிடோடைட் பாறையில் மக்னீசியம் கொட்டிக் கிடக்கிறது. அங்கே இயற்கையே போட்ட வெள்ளை நரம்புகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கேள்வி: கல் படிந்து படிந்து கிணறு அடைத்துக்கொள்ளாதா?

நல்ல கேள்வி, நானும் பயந்தேன். ஆனால் செலுத்தும் கிணற்றை ஒட்டி சோடாவின் புளிப்பு குறைவதில்லை. அங்கே அது பாறையைக் கரைத்து வழியை அகலமாக்கும். தள்ளிப் போன பிறகுதான் படியத் தொடங்கும். மேலே சொன்ன பம்பு மாட்டியதும் கண்காணிப்புக் கிணற்றில்தான், செலுத்திய கிணற்றில் அல்ல.