அண்டார்டிகா நினைவுப் பரிசுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: டிசம்பரில் நானும் கணவரும் அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து அண்டார்டிகாவுக்குக் கப்பலில் போகிறோம். சான்றிதழ், பாஸ்போர்ட் முத்திரை, குளிர் கோட்டு ஆகியவை சேர்ந்த ‘நினைவுப் பரிசுத் தொகுப்பு’ என்று ஏஜென்ட் தனியாக 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? பேரனுக்கு ஒரு கூழாங்கல் எடுத்து வரலாமா?

பதில்: கட்டாதீர்கள். பயணச் சான்றிதழைப் பெரும்பாலான கப்பல்களில் சும்மாவே தருகிறார்கள். கடலில் குதிக்கும் நிகழ்ச்சியும் உண்டு. இடுப்பில் பட்டை கட்டி, டாக்டரை அருகில் நிறுத்திவிட்டு, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய தண்ணீரில் இறக்குவார்கள். நடுங்கியபடி ஏறி வந்தால் அதற்கும் ஒரு சான்றிதழோ சட்டையில் தைக்கும் வில்லையோ கிடைக்கும். இருதயக் கோளாறு இருந்தால் வேடிக்கை மட்டும் பாருங்கள்.

கோட்டு விஷயத்தில்தான் ஏமாறுவார்கள். சில நிறுவனங்கள் சொந்தமாகவே கொடுத்துவிடும். சில இரவல் தந்து கடைசி நாளில் திருப்பி வாங்கிக்கொள்ளும். பூட்ஸ் அநேகமாக இரவல்தான். லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு இதைத் தெளிவாக ஒரு வரி எழுதக் கை வருவதில்லை! அந்த இருட்டில்தான் ஏஜென்ட் கடை விரிக்கிறார். கப்பல் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

முத்திரை போர்ட் லாக்ராயில் கிடைக்கும். 1944-இல் பிரிட்டன் அமைத்த தளம் அது. இப்போது அருங்காட்சியகமும் தபால் நிலையமும் இருக்கின்றன. பனிக்கட்டியும் காற்றும் வழிவிட்டால்தான் கப்பல் அங்கே போகும். போகுமா என்று கேப்டனுக்கே முன்கூட்டித் தெரியாதபோது ஏஜென்ட் எதை விற்கிறார்? தவிர, அது குடியேற்ற முத்திரை அல்ல, வெறும் நினைவு முத்திரை. பாஸ்போர்ட்டில் குத்திக்கொண்டு எந்த விமான நிலையத்திலாவது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொண்டுபோய் அதில் வாங்குங்கள்.

கூழாங்கல் கூடவே கூடாது. கல், எலும்பு, இறகு எதையும் எடுக்கக் கூடாது என்பது அங்கே செல்லும் பயணிகளுக்கான விதி. ‘ஒன்றுதானே’ என்று தேற்றும் ஏஜென்ட், நீங்கள் பிடிபட்டால் போனை எடுக்க மாட்டார்.

பேரனுக்கு அதைவிட நல்ல பரிசு இருக்கிறது. கூன்முதுகுத் திமிங்கிலம் ஆழத்துக்கு மூழ்கும்போது வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதைப் படமெடுத்து, படத்தை வைத்துத் திமிங்கிலங்களை அடையாளம் காணும் ‘ஹேப்பிவேல்’ இணையதளத்தில் பேரன் பெயரிலேயே இலவசமாகப் பதிவேற்றுங்கள். அடையாளம் தெரிந்தால் அதே திமிங்கிலத்தை முன்பு எங்கே பார்த்தார்கள் என்று காட்டும்; பின்னொரு நாள் வேறு யாராவது பார்த்தாலும் மின்னஞ்சல் வரும். முதுகை எடுத்த படம் அவ்வளவாகப் பயன்படாது, வால் முழுதாக எழும்வரை பொறுங்கள். இடமும் நேரமும் இல்லாத படத்தால் பலனில்லை. கேமரா கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு மாற்றிவிட்டு, அன்றன்று கப்பல் நின்ற இடத்தை வழிகாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.