கதவில் ஜிக்சா ரம்பம் வைக்கும் முன்: பழைய கார் ஸ்பீக்கர் பற்றிய கேள்வி-பதில்

அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு என்று ஒரு பழைய வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்களுக்கு என்றைக்காவது ஒரு நாள் அந்த ஆசை வந்தே தீரும். இதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனால் எப்படி இருக்கும்! ஸ்பீக்கர் பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்திருக்கிறேன்.

அப்பா ஓட்டிய 1972 அம்பாசிடர். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரே ஒரு ஓவல் ஸ்பீக்கர், அதன் காகிதக் கோன் கிழிந்து தொங்குகிறது. புது ப்ளூடூத் செட் வாங்கிவிட்டேன். அதன் இடது, வலது ஒயர்களைச் சேர்த்து முறுக்கி, அதே இடத்தில் ஒரு புது ஸ்பீக்கரைப் போட்டுவிடலாமா? (காரைக்குடி)

முறுக்கிவிடாதீர்கள். இன்றைய செட்டில் ஸ்பீக்கருக்கு வரும் இரண்டு ஒயரிலும் கரன்ட் உண்டு. பாட்டே ஓடாதபோதும் ஒவ்வொன்றிலும் பேட்டரி வோல்ட்டேஜில் பாதி, அதாவது ஆறேழு வோல்ட் நின்றுகொண்டிருக்கும். இடதையும் வலதையும் சேர்த்தால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் இரண்டு ஆம்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். நல்ல செட் என்றால் வாயை மூடிக்கொள்ளும். மலிவான செட் புகைவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கால ரேடியோ பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனையை வண்டி பாடியிலேயே எர்த் செய்துவிடுவார்கள், ஒரே ஒயர்தான் ரேடியோவுக்குப் போகும். புது செட்டை அந்த ஒயரில் மாட்டினாலும் கதி அதேதான். பழைய ஒயரை அப்படியே விட்டுவிட்டு, செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் புதிதாக இரண்டு ஒயர் இழுங்கள்.

ஒற்றை ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால் இரட்டைக் காயில் ஸ்பீக்கர் என்று ஒன்று உண்டு. கோன் ஒன்று, அதற்குப் பின்னால் அதை அசைக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், இரண்டு. ஒன்றுக்கு இடது, மற்றதற்கு வலது. இரண்டும் கோனில்தான் கலக்கும், ஒயரில் அல்ல. பழைய கார்களுக்கென்றே ஓவல் அளவில் இவை வெளிநாடுகளில் தயாராகின்றன, வரவழைக்க வேண்டியிருக்கும். அதுவரை சாதாரண 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை இடது பக்க ஒயர்களில் மட்டும் மாட்டி, வலது ஒயர்களின் நுனிகளைத் தனித்தனியாக டேப் சுற்றி விட்டுவிடுங்கள். ஆனால் ஸ்டீரியோ பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போகும். அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் போனின் அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’ என்று இருக்கும், அதை ஆன் செய்துவிட்டால் இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகிவிடும். பைசா செலவில்லை.

அப்பாவின் ஸ்பீக்கரை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். கிழிந்த இடத்தில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் தோய்த்துப் பின்பக்கம் ஒட்டினால் ஒரு சுமாரான வாழ்க்கை வாழும். பழைய ரேடியோவும் கூடவே இருந்தால், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை ஆன் செய்து பார்க்காதீர்கள். வால்வு ரேடியோவிலும் ஆரம்பகால டிரான்சிஸ்டர் ரேடியோவிலும் உள்ளே ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருக்கும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அது போய்விட வாய்ப்புண்டு.

1988 பிரீமியர் பத்மினி. முன் கதவுகளில் 6.5 அங்குல ஸ்பீக்கர் போட இரண்டு மணி நேர வேலை என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (கோவை)

இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்குப் பயமே அதுதான்.

என் பத்மினியில் நானே செய்த வேலையைச் சொல்கிறேன். கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றினேன், காம்பஸ் வைத்து வட்டம் போட்டேன், ஜிக்சாவை இறக்கினேன். ஸ்பீக்கர் கச்சிதமாக உட்கார்ந்தது. சாயங்காலம் பெட்ரோல் பங்கில் கண்ணாடியை இறக்கினால், பாதிக்கு மேல் போனதும் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடியின் கீழ் விளிம்பு காந்தத்தின் முதுகில் வந்து உட்கார்ந்திருந்தது. அளவெடுத்தபோது கண்ணாடி மேலே ஏறியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அப்புறம் பிளைவுட் வளையம் ஒன்று வெட்டி ஸ்பீக்கரை வெளியே தள்ளினேன். கண்ணாடி இறங்கியது. ஆனால் கண்ணாடி சுற்றும் கைப்பிடி கிரில்லில் இடித்தது! கடைசியில் ஸ்பீக்கரை எடுத்தே விட்டேன். தகரத்தில் ஓட்டை மட்டும் இன்னும் இருக்கிறது.

அதனால் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளவெடுங்கள். பேட் உட்காரும் தகரத்திலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் விட்டுப் பாருங்கள். கண்ணாடி ஓடும்போது ஆடும், அதற்காக ஆறேழு மில்லிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் எவ்வளவோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஆழம். சாதாரண 6.5 அங்குல ஸ்பீக்கர் 55 முதல் 65 மில்லிமீட்டர் வரை கேட்கும். ஒல்லி மாடல்கள் 40-45-லேயே அடங்கும். பிறகு கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றி, அது போகும் வட்டத்தை பேடில் சாக்பீஸால் குறியுங்கள். அந்த வட்டத்துக்குள் கிரில் வரக்கூடாது.

இதெல்லாம் சரியாக வந்தாலும் தகரத்தை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன். பல பழைய கதவுகளின் உள் தகரத்தில் பழுதுபார்க்கவென்று கம்பெனியே விட்ட திறப்புகள் இருக்கும். பேடைக் கழற்றி முதலில் அவற்றைப் பாருங்கள், 4 அல்லது 5 அங்குல ஸ்பீக்கர் அதில் நுழைந்தால் யோகம். பேடையும் வெட்ட வேண்டாம். ஹார்ட்போர்டில் அதே அச்சில் புது பேட் வெட்டி, ரெக்ஸின் ஒட்டி அதில் ஓட்டை போடுங்கள். அசலை ஒரு துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். திறப்பு சரிவரவில்லையென்றால், கால் வைக்கும் இடத்தில் கதவுக்கு முன்னால் இருக்கும் பக்கச் சுவரில் சின்ன பிளைவுட் பெட்டி அமைக்கலாம். சத்தம் முழங்காலிலிருந்து மேலே வரும், கேட்க மோசமில்லை. ஆக்ஸிலேட்டர் பெடலுக்கு இடைஞ்சலாக இருக்கிறதா என்று மட்டும் உட்கார்ந்து மிதித்துப் பார்த்துவிடுங்கள்.

எச்சரிக்கையை மீறி வெட்டத்தான் போகிறீர்கள் என்றால், வெட்டிய விளிம்பில் அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். மழை பெய்தால் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு, அதிர்வைக் குறைக்கும் தாள் ஒட்டுகிறேன் என்று அவற்றை அடைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் மேல்பக்கம் ஒரு பாலிதீன் குடையும் தேவை.

பெட்டியில் ‘300 வாட்’ என்று போட்ட ஸ்பீக்கர், செட்டில் ‘50×4’ என்று இருக்கிறது. செட் பத்தாதே, ஆம்ப் வாங்கித்தான் ஆக வேண்டுமா? (திருச்சி, கான்டெசா)

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை மறந்துவிட்டு, சின்ன எழுத்தில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்று இருப்பதைப் படியுங்கள், தொடர்ந்து தாங்கும் வாட் அதுதான். 50×4, அதாவது நான்கு ஸ்பீக்கருக்கும் 50 வாட் வீதம், என்று எழுதியிருக்கும் செட் ஒவ்வொரு 4 ஓம் ஸ்பீக்கருக்கும் உண்மையில் தருவது ஏறத்தாழ 20 வாட்தான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, உள்ளே வோல்ட்டேஜை ஏற்றாமல், அதற்கு மேல் பெரிதாக எடுக்க முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் சென்சிடிவிட்டி, அதாவது கொடுத்த வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போடும் என்பது. 3 டெசிபல் கூடினால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் வரும். 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் போடும் சத்தத்தை 93 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்டிலேயே போட்டுவிடும். ஆம்ப் இல்லாத வண்டிக்கு 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள், 300 வாட் எல்லாம் கடைக்காரரிடமே இருக்கட்டும்.

1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புது செட்டை டாஷ்போர்டில் வைத்துத் திருகியதும் பியூஸ் போகிறது. மூன்று பியூஸ் போய்விட்டது. ஸ்பீக்கர் கோளாறா? (மதுரை)

ஸ்பீக்கர் பாவம், அதை விடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பேட்டரியின் பிளஸ் ஒயர்தான் பாடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. பாசிட்டிவ் எர்த். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த வண்டியானாலும் ஹெரால்டின் வம்சம் பிரிட்டிஷ் வம்சம். அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் இது சகஜம். புது செட்டின் உலோக உடம்பு மைனஸ். அது டாஷ்போர்டின் தகரத்தைத் தொட்டதும் பிளஸ்ஸும் மைனஸும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. பியூஸ் போனது நல்லதுக்குத்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட் வைத்திருந்தால் அதில் போன் சார்ஜரையும் செருகாதீர்கள், அதற்கும் தலைகீழாகத்தான் கரன்ட் போகும்.

வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பேட்டரியைத் திருப்பி மாட்ட வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஆம்மீட்டர் இருந்தால் அதன் ஒயர்களையும். பிறகு பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் புது திசையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: அதன் ‘எஃப்’ முனையில் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரால் அந்த எஃப் முனையை ஓரிரு முறை தொட்டெடுங்கள். பொறி பறக்கும், பறக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். இதைச் செய்தவர் பானட்டுக்கு அடியில் ‘நெகட்டிவ் எர்த்’ என்று ஒரு சீட்டு ஒட்டிவைப்பது, அடுத்து அந்த வண்டியைத் தொடப்போகும் மெக்கானிக்குக்குச் செய்யும் புண்ணியம்.

ஆம்ப் யோசனையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டைனமோ நன்றாகச் சுற்றும்போதே தருவது சுமார் 20 ஆம்பியர். இரவில் ஹெட்லைட்டே ஏழெட்டு ஆம்பியரை எடுத்துக்கொள்ளும், சிக்னலில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஆம்ப் வேண்டாம்.

பெட்ரோல் அம்பாசிடர். இன்ஜின் ஓடும்போது ஸ்பீக்கரில் ‘டிக் டிக்’ என்றும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ‘ஙொய்ங்’ என்றும் சத்தம். (சேலம்)

இரண்டும் வேறு வேறு வியாதி. டிக் டிக் என்பது இக்னிஷன், பிளக்கில் பொறி வரவழைக்கும் அமைப்பு. பாயின்ட், கண்டென்சர், பிளக் ஒயர் இவற்றைப் பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போட்டாலே பாதி அடங்கும். காயிலில் சாவியிலிருந்து கரன்ட் வரும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே, இந்தச் சத்தத்தை அடக்கும் சப்ரெஸர் கண்டென்சர் ஒன்றை வையுங்கள். பாயின்ட் பக்க முனையில் வைத்துவிட்டால் வண்டி தடுமாறும்.

ஙொய்ங் என்பது டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர். பெரும்பாலும் எர்த் கோளாறு. செட்டின் கறுப்பு ஒயரை ஏதோ ஒரு டாஷ்போர்டு ஸ்க்ரூவில் சுற்றியிருப்பார்கள். அதன் அடியில் ஐம்பது வருஷத் துருவும் பெயின்டும். பளபளக்கும் தகரம் தெரியும்வரை சுரண்டி, அங்கே ஒயர் நுனியில் லக் (உலோக வளையம்) வைத்து முடுக்குங்கள். டைனமோ என்றால் அதன் ‘டி’ முனையில் ஒரு சப்ரெஸர் வைக்கலாம், எஃப் முனையில் ஒருபோதும் கூடாது. ஆம்ப் இருந்தால் பவர் ஒயரை வண்டியின் ஒரு பக்கமும் சிக்னல் ஒயரை மறுபக்கமும் கொண்டுபோங்கள்.

வீட்டு மியூசிக் சிஸ்டத்தின் 8 ஓம் ஸ்பீக்கர் சும்மா கிடக்கிறது. காரில் போடலாமா? (நாகர்கோவில்)

போடலாம், எதுவும் கெடாது. செட் பாதி வாட்தான் தரும், சத்தம் சற்றுக் குறையும். எத்தனை ஓம் என்று சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.5 வாக்கில் காட்டும், 8 ஓம் 6-7 காட்டும். ஆனால் கோனின் வெளிவிளிம்பைச் சுற்றி நுரை வளையம் இருந்தால் நம் வெயிலில் சீக்கிரம் பொடியாகிவிடும். ரப்பர் வளையம் தாங்கும்.

மாருதி 800-ன் பின் கண்ணாடிக்குக் கீழே 6×9 அங்குல ஸ்பீக்கர் பெட்டி இரண்டை அப்படியே வைத்திருக்கிறேன். ஸ்க்ரூ தேவையா? (வேலூர்)

சடன் பிரேக் அடித்தால் அந்தப் பெட்டி நேராக உங்கள் பிடரிக்கு வரும். இன்றைக்கே பட்டை போட்டுக் கட்டுங்கள்.

புது ஸ்பீக்கர் இரண்டும் மாட்டியாகிவிட்டது. தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்ந்து பாடினால் பேஸ் (கனத்த கீழ் ஒலி) வரவில்லை. (தஞ்சாவூர்)

ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது, காற்றில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. செட்டிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தின் 1.5 வோல்ட் பேட்டரியால் அந்த ஒயரின் நுனிகளை ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே குதித்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். இரண்டு ஸ்பீக்கருக்கும் பார்த்து, பிளஸ் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை மாதம் ஒரு முறைதான் எடுப்பேன். செட் வைத்ததிலிருந்து பேட்டரி இறங்கிவிடுகிறது. (புதுச்சேரி)

செட்டின் மஞ்சள் ஒயர் கடிகாரத்துக்கும் நினைவுக்கும் எப்போதும் கொஞ்சம் கரன்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 7 ஆம்பியர்-மணி போய்விடும். வயதான பேட்டரிக்கு அதுவே பெரிய பாரம். மஞ்சளையும், செட்டை ஆன் செய்யும் சிவப்பு ஒயரையும் சேர்த்து, பியூஸோடு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒயரில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் செட் நேரத்தை மறந்திருக்கும், சில செட்டுகள் எஃப்.எம். நிலையங்களையும் மறக்கும். மணி பார்க்கக் கையில் கடிகாரம் இருக்கிறதே.