ரிக்கெற்றில் இருக்கும் நேரமும் ஆகாயத்தில் போகும் நேரமும்

திருகோணமலையில் விமான ரிக்கெற் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. தூரம், நேரம் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

உப்புவெளி அக்கா: தை மாதம் லண்டனுக்கு மகனிடம் போகிறேன். பகல் 1 மணிக்கு வெளிக்கிட்டு பின்னேரம் 6.30க்கு இறங்கும் என்று ரிக்கெற்றில் இருக்கிறது. ஐந்தரை மணித்தியாலம்தானா?

இல்லை அக்கா, 11 மணித்தியாலம். ரிக்கெற்றில் போடுவது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் எங்களுக்கு 5½ மணித்தியாலம் பின்னால், கோடையில் 4½. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர்தூரமே சுமார் 8,700 கிலோமீற்றர். நீங்கள் இறங்கும்போது எங்கள் ஊரில் நடுச்சாமம் 12 மணி. மகன் புட்டு அவித்து வைத்திருந்தாலும் உங்களுக்கு நித்திரைதான் வரும்.

நிலாவெளித் தம்பி: லண்டனில் இருந்து வரும்போது மட்டும் நேரம் குறைவாம். ஏன் அண்ணா?

கடற்கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி? மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாளில் வள்ளம் கடலுக்குள் சும்மா ஓடும், கரைக்குத் திரும்பத்தான் எஞ்சின் முக்கும். ஐரோப்பாப் பக்கம் 10 கிலோமீற்றர் உயரத்திலும் இப்படித்தான், மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். வரும்போது அது முதுகில் தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும். அரை மணித்தியாலம், சில நாள் அதற்கு மேலும் வித்தியாசம் வரும்.

கிண்ணியா நானா: உம்மாவை உம்ராவுக்குக் கூட்டிப் போகிறேன். ஜித்தா எவ்வளவு தூரம்?

சுமார் 4,650 கிலோமீற்றர். நேரடி விமானம் என்றால் 6 மணித்தியாலம் அளவில். அங்கே நேரம் 2½ மணித்தியாலம் பின்னால்.

நகரிலிருந்து ஒரு ரீச்சர்: ரொறன்ரோவுக்குக் குறுக்குவழி வடதுருவப் பக்கமாகவா?

பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து, கொழும்பில் ஒரு நூலை வைத்து ரொறன்ரோவுக்கு இறுக்கி இழுத்துப் பாருங்கள் ரீச்சர். நூல் ரஷ்யாவைக் கடந்து ஆர்க்டிக் பக்கம் ஏறி, பிறகு கனடாவுக்குள் இறங்கும். நெடுங்கோட்டில் நாங்கள் கிழக்கே கிட்டத்தட்ட 80 பாகையில், அவர்கள் மேற்கே கிட்டத்தட்ட 80 பாகையில், அதாவது உருண்டையின் கிட்டத்தட்ட மறுபக்கத்தில். தட்டையான படத்தில்தான் அது மேற்கே நீட்டி ஓடுவதுபோல் தெரிகிறது. நூலின் அளவு சுமார் 14,000 கிலோமீற்றர். ஆனால் நேரடி விமானம் கிடையாது. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மாறவேண்டும், காத்திருப்போடு 20 மணித்தியாலம் தாண்டிவிடும்.

மூதூர் அண்ணா: ஒரு இணையத்தளத்தில் லண்டன் 5,400 மைல், இன்னொன்றில் 4,700. எது பிழை?

இரண்டும் சரி. முதலாவது தரை மைல், மற்றது கடல் மைல். கடல் மைல் ஒன்று 1.852 கிலோமீற்றர்.

உப்புவெளி அக்கா (மறுபடியும்): அப்ப வீட்டில் இருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேணும் அக்கா! கட்டுநாயக்கா 240 கிலோமீற்றர் அளவில், வேனில் ஆறு மணித்தியாலம் வையுங்கள். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்தி அங்கே நிற்கவேணும். 1 மணி விமானம் என்றால் விடிய 4 மணிக்கு முன்பே வேன் வாசலில் நிற்கட்டும். நான் ஒருமுறை இருட்டோடு போகும்போது, கந்தளாய் தாண்டி ஹபரணைக்கு முன்னால் தனி யானை ஒன்று றோட்டை மறித்துக்கொண்டு நின்றது. டிரைவர் லைட்டைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பின் சீற்றில் பயணக்காரர் கடவுச்சீட்டை இறுக்கிப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது காட்டுக்குள் இறங்க நாற்பது நிமிடம் எடுத்தது.